பெட்டி நலம்

என் கணவரின் குரல் எங்கள் வீட்டில் செருப்பு அலமாரிக்கு மேல் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். இரண்டு செங்கல்லை அடுக்கி வைத்த அளவு பெட்டி. முன்பக்கம் வரிசையாகச் சின்ன விளக்குகள், பின்பக்கம் ஒரு குட்டி விசிறி, உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். வைஃபை ரூட்டரின் ஒயர் எட்டுகிற இடம் அதுதான் என்பதால் அங்கே குடியேறியது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கீழே விட்டுவிட்டு, குடையையோ சாவியையோ அதன் தலையில் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் எடுத்து வேறு இடத்தில் வைப்பேன். ஓர் ஆளின் தலையில் யாராவது குடையை வைப்பார்களா?

அவர் வாகன உதிரிபாகக் கடையில் போனில் ஆர்டர் எடுக்கிற வேலையில் இருந்தவர். நாள் முழுக்கப் பேச்சு. வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பிள்ளைகளின் கூச்சலைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும்போது எனக்குத் தேவை கொஞ்சம் அமைதி. அதுதான் கிடைக்காது. "டிரைவரம்மா வந்தாச்சா, இன்னைக்கு எந்த சுவத்துல இடிச்சீங்க" என்று வாசலிலேயே ஆரம்பிப்பார். நான் சிடுசிடுப்பேன். அவர் விடமாட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி சண்டை, மீதி அந்தச் சண்டையை நினைத்துச் சிரித்தது.

தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்றார்கள். எடுத்துவிடுங்கள் என்றோம், வேறு என்ன சொல்வது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள்தான் ஒரு யோசனை சொன்னார். குரல் இருக்கும்போதே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து ஒருவருடைய குரலை அப்படியே உருவாக்குகிற வசதி சீக்கிரம் நம் மொழிக்கும் வந்துவிடும், அதன் பிறகு அவர் போனில் எதைத் தட்டினாலும் அவர் குரலிலேயே பேசும் என்றார். "மெஷின் குரல் இல்ல, அவர் குரலே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

என் கணவர் துணி அலமாரிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதிவு செய்தார். தொங்குகிற கோட்டுகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் எதிரொலி வராதாம். பயிற்சி அம்மாள் கொடுத்த வாக்கியங்கள் உப்புச் சப்பில்லாதவை. ஜன்னலைச் சாத்து. எனக்குக் குளிராக இருக்கிறது. அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன். தொண்டை வலியோடு, வெந்நீரைக் குடித்துக் குடித்து, ஒவ்வொன்றாகப் பேசினார். ஒரு நாள் உள்ளே இருந்து பெரிய கத்தல் கேட்டது. "நான் சொல்றது உன் காதுல விழுதா இல்லையா?" பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். வெளியே போ, ரெக்கார்டிங் ஓடுகிறது என்றார். எதற்கு இந்தக் கத்தல் என்று கேட்டேன்.

"உன்கூட சண்டை போட சரக்கு சேத்து வெக்கறேன். இல்லன்னா நீ ஒருத்தியே ஜெயிச்சிட்டுப் போயிடுவே."

அதற்கென்று தனி ஃபோல்டர் போட்டு, சண்டை என்று பெயரும் வைத்திருந்தார். நான் அங்கேயே சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெட்டியை வாங்கி வந்தவன் என் கொழுந்தன். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பொறுப்பு. குடும்பத்தில் யாருடைய போன் படுத்தாலும் பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். இங்கே அவன் இவன் என்று சொல்கிறேனே தவிர, நேரில் எப்போதும் தம்பி, நீங்க என்றுதான் பேசுவேன். அவனுக்கு நிர்வாகி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெட்டிக்குள் நுழைய அவன் ஒருவனுக்குத்தான் முழு உரிமை, மற்ற நாங்கள் எல்லாம் விருந்தாளிகள் என்று அவனே பெருமையாக விளக்கப்போய், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விருந்தாளிகள் ஃபோல்டரைத் திறந்து கேட்கலாம். மற்றபடி மூச்சுவிடக் கூடாது.

ஒரு டிஸ்கில் இருப்பது அப்படியே இன்னொன்றிலும் இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும், போனதை மட்டும் மாற்றினால் போதும் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் பாஸ்வேர்டு வேண்டும் என்றேன். நான் தெரியாத்தனமாக எதையாவது தட்டி எல்லாம் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று மறுத்துவிட்டான். என் கணவர், பென்டிரைவில் தனியாக ஒரு நகல் இருக்கட்டுமே என்றார். நகலுக்கு மேல் நகல் போட்டால் எது சரியானது என்று பிறகு குழம்பும் என்று அண்ணனுக்கே பாடம் எடுத்தான். ரெக்கார்டரில் இருந்த மெமரி கார்டையும், இனிமேல் இது எதற்கு என்று தன் கேமராவுக்குக் கழற்றிக்கொண்டு போனான். படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் மிஞ்சினார். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதை மறைக்க ஒரு மெல்லிய துணி. பேச்சு போனது போனதுதான். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். வண்டு முரல்வது மாதிரி வரும். காய்கறிக் கடையில் ஒரு குழந்தை அதைக் கேட்டு வீறிட்ட அன்று, அதை இழுப்பறைக்குள் போட்டவர் பிறகு எடுக்கவில்லை. போனில் தட்டினால் படித்துச் சொல்கிற வசதியும் இருக்கிறது. ஆனால் படிப்பது ஒரு பெண். பாங்கிலிருந்து கூப்பிட்டு, உங்கள் கணக்கில் உள்ள இருப்பு என்று கொஞ்சிக்கொண்டு சொல்வாளே, அவள். அவருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அதனால் எங்கள் வீட்டில் உதட்டசைவும் மேஜையில் தட்டுவதும்தான் பேச்சு. ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. பாத்திரங்கள் அதிர்ந்தால் கோபம்.

இத்தனையும் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் அந்தப் பெட்டி. குரல் பத்திரமாக இருக்கிறது, வசதி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரே தெம்பு. அந்தத் தெம்புக்கு வாராவாரம் தண்ணீர் ஊற்றியவன் நிர்வாகிதான். ஞாயிறு காலை தவறாமல் குடும்ப குரூப்பில் அவன் செய்தி வரும். "பெட்டி நலம். ரெண்டு டிஸ்கும் பச்சை. கவலை வேண்டாம்." அவன் வீட்டில் இருக்கிற என் மாமியார் முதல் ஆளாகக் கும்பிடும் கை அனுப்புவார். பின்னாலேயே கட்டை விரல்கள், பூக்கள், சித்தப்பா ஒருவரின் கண் சிமிட்டும் நாய்க்குட்டி. அந்தச் செய்தி வராமல் எங்கள் குடும்பத்துக்கு ஞாயிறு விடியாது. ஒரு தடவை கொஞ்சம் தாமதமானதற்கு மாமியார் என்னைக் கூப்பிட்டு, பெட்டிக்கு ஒன்றும் இல்லையே என்று நடுங்கிக்கொண்டு கேட்டார். எனக்கும் அதைப் படித்தால் ஒரு நிம்மதி. நம் ஆளை யாரோ நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து நன்றாக இருக்கிறார் என்று சொல்வது போல இருக்கும்.

சில மாதங்களுக்கு முன்னால் பச்சை விளக்குகளில் ஒன்று ஆரஞ்சாக மாறியது. அன்றே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்று அர்த்தம் என்றான். என் வண்டியில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் நான் ஓரம் கட்டுவேன் என்றேன்.

"இது பஸ் இல்ல அண்ணி" என்று சிரித்தான்.

கொஞ்ச நாள் கழித்துப் பெட்டி பீப் பீப் என்று அலற ஆரம்பித்தது. நல்ல வேளையாக, அப்படித்தான் அன்று நினைத்தேன், அவனே எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து போனான். பின்பக்கம் இருந்த ஒரு பொத்தானை இடது கையால் அழுத்தினான். சத்தம் நின்றது. தூசி அடைத்திருக்கும், துடைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, திரும்ப வந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். நானும் ஈரத் துணி, காய்ந்த துணி என்று வகையாகத் துடைத்து வைத்தேன். அடுத்த ஞாயிறும் பெட்டி நலம்.

போன மாதம் பயிற்சி அம்மாள் கூப்பிட்டார். வசதி வந்துவிட்டது, நன்றாகவே வருகிறது, பதிவுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் என்னைப் பிடித்துச் சுற்றினார், இந்த வயதில். முதலில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். உதட்டில் தெளிவாக வந்தது: டிரைவரம்மா.

அது ஒரு சனிக்கிழமை. உடனே லேப்டாப்பைத் திறந்தார். ஃபோல்டர்கள் பெயரோடு தெரிந்தன. எதைத் தொட்டாலும் வட்டம் மட்டும் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வாசல் பக்கமிருந்து டக், டக் என்று ஒரு சத்தம், தகரத்தை நகத்தால் தட்டுகிற மாதிரி. இருவரும் திரும்பிப் பார்த்தோம். பெட்டிதான். நான் யோசிக்கவில்லை. இன்ஜினிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தால் நான் செய்வதைச் செய்தேன். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

நிர்வாகியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு வரி வந்தது. பெட்டி திறக்கவில்லை, உள்ளே சத்தம் வருகிறது, உடனே பேசுங்கள் என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டை விரல் வந்தது. கட்டை விரல். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சாயங்காலம் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கெட்டுப்போன டிஸ்கிலிருந்து விவரங்களை மீட்டுத் தருகிற கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஞாயிறும் உண்டு என்றார்கள்.

கடை ஒரு மாடிப்படி ஏறிப் போகிற சின்ன அறை. ஒரே ஒரு பெண், நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு இருந்தாள். பெட்டியைத் திறந்து இரண்டு டிஸ்கையும் வெளியே எடுத்தாள். திருகாணிகளை ஒரு மூடியில் போட்டாள். ஒவ்வொன்றாகத் தன் இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தாள். முதல் டிஸ்க் செத்துச் சில மாதம் ஆகிறது என்றாள். ஆரஞ்சு விளக்கு எரிந்ததே, அன்று போனது. அதற்குப் பிறகு மற்றொன்று தனியாக ஓடி ஓடி, இப்போது அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கே செத்ததை மாற்றியிருந்தால் ஒரு வார்த்தைகூடத் தொலைந்திருக்காது என்றாள். இந்த மாதிரிப் பெட்டி சும்மா இருக்காது, தினமும் எச்சரிக்கை மெயில் அனுப்பியிருக்கும், யார் அதைப் பார்ப்பது என்று கேட்டாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் பையிலும் அவர் சட்டைப் பையிலும் ஒரே சமயத்தில் போன் சிணுங்கியது.

"பெட்டி நலம். ரெண்டு டிஸ்கும் பச்சை. கவலை வேண்டாம்."

பெட்டி எங்கள் கண் முன்னால் வெறும் கூடாகக் கிடந்தது. அதன் குடல் இரண்டும் தனித்தனியாக மேஜையில் இருந்தன. போனில் மாமியாரின் கும்பிடும் கை வந்து விழுந்தது. நான் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் படித்தாள், பெட்டியைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள்.

"இது தானா போற மெசேஜ் அக்கா. பெட்டிய பாத்துட்டு வரல. கடிகாரத்த பாத்துட்டு வருது."

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை ஞாயிறுகள். எத்தனை கும்பிடும் கைகள். இங்கே என் ஆள் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்திருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார், விளக்கைக் காட்டியிருக்கிறார், கத்தியும் பார்த்திருக்கிறார். கத்தியபோது வாயைப் பொத்தியவனே ஞாயிறுதோறும் நலம் நலம் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறான். என் கணவர் உள்ளங்கையால் மேஜையை அறைந்தார். நிறுத்தவில்லை. மூடியில் இருந்த திருகாணிகள் துள்ளித் தரையில் உருண்டன. அந்தப் பெண் குனிந்து பொறுக்கினாள். வருவதை எடுத்துத் தருகிறேன், எது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

அங்கிருந்து நேராக நிர்வாகி வீட்டுக்கு வண்டியை விட்டேன். பேருந்து ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஹாரன் அடித்ததில்லை. அவனும் மாமியாரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். எங்கள் இருவரையும் பார்த்ததும் மாமியார் இன்னும் இரண்டு தட்டு எடுக்க எழுந்தார்.

பெட்டி எப்படி இருக்கிறது தம்பி என்று கேட்டேன். காலையில்தானே அனுப்பினேன் அண்ணி என்றான். பெட்டியைக் காலையில் பிரித்துப் போட்டாயிற்று, நீங்கள் எதைப் பார்த்து அனுப்பினீர்கள் என்றேன். அவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். உட்காருங்கள் என்றான். நான் உட்காரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாயைத் திறந்தான். ஆரம்பத்தில் ஞாயிறு தோறும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினானாம். அம்மா விடிந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் செய்திக்காக உட்கார்ந்திருப்பாராம். ஒரு வாரம் அசந்து தூங்கிவிட்டான். அம்மா பதறிவிட்டார். அதன் பிறகுதான், நேரத்துக்குத் தானாகப் போகட்டும் என்று செய்து வைத்தான். பார்ப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். எச்சரிக்கைகளுக்கென்று ஒரு தனி மெயில் முகவரி இருக்கிறது, அதை அவன் திறப்பதில்லை. இப்போது திற என்றேன். திறந்தான். டிஸ்க் பழுது, உடனே மாற்றவும் என்று பக்கம் முழுக்க அதே வரி. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவனே தள்ளுவதை நிறுத்திவிட்டான்.

அதாவது, பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, பார்த்தேன் என்று சொல்கிற வேலையை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறான். இப்படி ஒரு மூளையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் வண்டியில் ஏறுகிற ஆறு வயதுப் பிள்ளைகூட வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் செய்யவில்லை என்று சொல்லிவிடும்.

மாமியார் குறுக்கே வந்தார். "நான் பதறக் கூடாதுன்னுதானேம்மா பண்ணான். நல்ல எண்ணம்தானே."

அந்த நல்ல எண்ணத்தைக் கேட்டதும் எனக்கு மிச்சமிருந்த மரியாதையும் கழன்றுகொண்டது. இத்தனை வருடம் நீங்க என்று சொன்ன வாயில் நீ வந்தது.

"ஆமா, இது பஸ் இல்ல. பஸ்ஸா இருந்தா விளக்கு எரிஞ்ச அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். நீ சொன்னேங்கற ஒரே காரணத்துக்குத்தான் ஓடவிட்டேன். உனக்கு அம்மா நிம்மதி முக்கியம். உள்ள இருந்தது யாருன்னு யோசிச்சியா?"

அப்போதுதான் என் கணவர் போனை எடுத்தார். வேகமாகத் தட்டினார். முகம் சிவந்து, கழுத்துத் துணி மூச்சுக்கு மூச்சு படபடத்தது. அவர் உடம்பு மொத்தமும் கத்திக்கொண்டிருந்தது. தட்டி முடித்துப் போனைத் தம்பி முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்தப் பாங்குப் பெண் பேசினாள். "நீ ஒரு நாளாவது உள்ளே போய்ப் பார்த்தாயா. அது என் குரல். அது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது." அத்தனை இனிமையாக, நிறுத்தி நிறுத்தி, உங்கள் கணக்கில் உள்ள இருப்பு என்று சொல்கிற அதே பக்குவத்தில் சொன்னாள்.

நிர்வாகியின் உதட்டு ஓரம் ஒரு நொடி துடித்தது. சிரிப்புதான். வேண்டுமென்று வந்ததல்ல, எனக்கும் தெரியும். அந்தக் கோபமும் அந்தக் குரலும் சேர்ந்தால் யாருக்கும் வந்துவிடும். ஆனால் என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். போனைப் பைக்குள் போட்டார். திரும்பி நடந்தார். பெட்டியைக் கவனிக்காததைக்கூட நான் ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன், அந்த ஒரு நொடியை மறக்க மாட்டேன். வண்டி வரை பின்னாலேயே வந்தவன், அந்த மெசேஜை இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் அண்ணி என்றான். நான் கதவைச் சாத்தினேன்.

மீட்புக் கடைப் பெண் அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டாள். பயிற்சி அம்மாள் கொடுத்த வாக்கியங்கள் ஏறக்குறைய மொத்தமும் போய்விட்டன. திறந்தால் வெறும் இரைச்சல். ஜன்னலைச் சாத்து என்பதில் ஜன்னல் மட்டும் வந்தது. முழுதாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபோல்டர், சண்டை. அது ஏன் தப்பியது என்று கேட்டேன். டிஸ்கில் அது இருந்த இடம் கெடவில்லை, அவ்வளவுதான் என்றாள்.

அதை எடுத்துக்கொண்டு பயிற்சி அம்மாளிடம் போனோம். ஹெட்போனை மாட்டிக் கேட்டவர், கொஞ்ச நேரத்தில் கழற்றி வைத்தார். இதை வைத்தும் குரல் உருவாக்கலாம், ஆனால் இதில் இருப்பது எல்லாம் கத்தல், வருகிற குரலும் எப்போதும் கத்தும் என்றார். மாதிரிக்கு ஒன்று செய்து காட்டினார். எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று தட்டினார். அறைய வருகிறவன் போல அது தண்ணீர் கேட்டது. நன்றி என்று தட்டினார். அதுவும் அறைந்தது. அவருடைய குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் இல்லை. டிரைவரம்மா வந்தாச்சா என்று வாசலில் கேட்டவர் அதில் எங்கேயும் இல்லை. என் கணவர் மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். வேண்டாம். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். அதோடு அந்தக் கதவு மூடியது.

மிஞ்சிய சண்டைகளை அவர் அப்படியே தன் போனில் ஏற்றிக்கொண்டார். நான் என் போனில், இரண்டு பென்டிரைவில், லேப்டாப்பில், பேருந்தில் என் இருக்கைக்குக் கீழே இருக்கிற முதலுதவிப் பெட்டியில், சர்க்கரை டப்பாவுக்குள் என்று நகலுக்கு மேல் நகல் போட்டு வைத்தேன். எது சரியானது என்று எனக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. செருப்பு அலமாரியின் மேல் இப்போது யார் வேண்டுமானாலும் குடையை வைக்கலாம்.

ஞாயிறு வந்தது. நான் காபியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரே செய்தித்தாளோடு இருந்தார். இரண்டு போனும் சிணுங்கின.

"பெட்டி நலம். ரெண்டு டிஸ்கும் பச்சை. கவலை வேண்டாம்."

நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னவன் நிறுத்தவில்லை. அல்லது நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு, நின்றதா என்று பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று குடும்பம் முழுக்கத் தெரியும். இருந்தும் மாமியாரின் கும்பிடும் கை முதலில் வந்து விழுந்தது. பழக்கம். பின்னாலேயே ஒரு கட்டை விரல், ஒரு பூ, சித்தப்பாவின் நாய்க்குட்டி. நான் போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தன் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேடினார். ஒரு பதிவைத் தேர்ந்து குரூப்பில் போட்டார். என் போனில் அது வந்து விழ, நான் தொட்டேன்.

"நான் சொல்றது உன் காதுல விழுதா இல்லையா?"

துணி அலமாரிக்குள்ளிருந்து வந்த அதே கத்தல், கூடம் முழுக்க. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டிராத குரல். குரூப் அப்படியே நின்றுவிட்டது. கட்டை விரல் இல்லை, பூ இல்லை. சித்தப்பா அனுப்பிய நாய்க்குட்டியை அவரே அழித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் என்னைக் கூப்பிட்டார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. காத்திருந்தேன்.

"இன்னொரு தடவ போடும்மா."

போட்டேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம், நடக்கிற சத்தம், ஒரு கதவு. மாமியார் தன் சின்ன மகனிடம் இந்த அளவு குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"எழுந்திரு. இந்தா, காதுல வெச்சுக் கேளு. உங்க அண்ணன் பேசறான்."

நான் போனை என் கணவரிடம் நீட்டினேன். அவர் தன் போனை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அந்தப் பதிவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார்.